மைலேஜ் போட்டிக்குக் கிளம்பும் முன்: வாசகர் கேள்வி – பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் மைலேஜ் போட்டிகளை, அதாவது குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓட்டுகிறவர் ஜெயிக்கும் போட்டிகளைப் பற்றிக் கேட்டுச் சென்னையின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

என்னிடம் இருப்பது நான்கு வருஷம் ஓடிய 100 சி.சி. எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) பைக். அடுத்த ஞாயிறு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் 50 கி.மீ. மைலேஜ் போட்டி. கையில் இருப்பது ஒரு வாரம். வண்டியில் எதை முதலில் பார்க்க வேண்டும்? – பெரம்பூர் வாசகர்

இன்ஜினைத் தொடாதீர்கள். சக்கரத்தில் ஆரம்பியுங்கள். நான்கு வருஷம் ஓடிய வண்டியில் மைலேஜ் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், சக்கரம் லேசாகச் சுற்றாமல் போவதுதான்.

டபுள் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். செயின் இழுப்பதால் அது முன் சக்கரம் மாதிரி நெடுநேரம் சுற்றாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'சர்...' என்று உரசினால் பிரேக் ஷூ டிரம்மைத் தொடுகிறது என்று அர்த்தம். வீட்டில் யாரையாவது பின்பக்கத்தை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கி அதையும் சுற்றிப் பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கி.மீ. ஓட்டி நிறுத்திவிட்டு, இரண்டு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் (ஹப்) அருகே புறங்கையை வையுங்கள். எது சுடுகிறதோ அது பெட்ரோலைத் தின்கிறது.

பிரேக் பிடித்துக்கொள்வதற்குக் காரணங்கள் மூன்று. பிரேக் ராடு நட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள். அல்லது ஷூவை விரிக்கும் கேம் தண்டில் மழைத் தண்ணீரும் ஷூ தூசியும் சேர்ந்து துருவேறி, மிதியை விட்டாலும் கேம் திரும்பாமல் நிற்கும். அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சென்னை வண்டிகளில், அதுவும் வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் தெருக்களில் ஓடும் வண்டிகளில், இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கலாம். டிரம்மைத் திறந்து தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். ஊதித் தள்ளக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கேம் தண்டை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, தண்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். ஷூவில் ஒரு துளி பட்டாலும் பிரேக் போய்விடும். மாட்டிய பிறகு மிதியில் 20 முதல் 30 மி.மீ. வரை ஃப்ரீ பிளே (பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா அசையும் தூரம்) இருக்கட்டும். அதற்கு மேல் தளர்த்தி மைலேஜ் சேர்க்கும் எண்ணம் வேண்டாம்.

அடுத்தது செயின். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் 20–30 மி.மீ. ஆட வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஓர் இடத்தில் பார்த்துவிட்டு விடாமல், சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினால் செயினும் அது ஓடும் பல்சக்கரமும் (ஸ்பிராக்கெட்) தேய்ந்துவிட்டன, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். செயின் சத்தம் கேட்கக் கூடாது என்று இறுக்கி வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங்கும் பின் சக்கர பேரிங்கும் சேர்ந்து வண்டியைப் பிடித்து இழுக்கும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயில் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் வேண்டியது ரோலருக்குள்ளே. வெளியில் இருப்பது மண்ணைத்தான் சேர்க்கும். பின் சக்கரம் நேராக நிற்க, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் இருக்கும் கோடுகள் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் வேலை கொஞ்சம்தான். ஏர் ஃபில்டர், பிளக் இடைவெளி, டாப்பெட் (வால்வு) இடைவெளி ஆகியவை கையேட்டின்படி. இன்ஜின் ஆயில், வண்டிக் கம்பெனி சொன்ன கிரேடிலேயே இருக்கட்டும். 10W-30 கேட்கும் வண்டியில் "கெட்டியா இருந்தாத்தான் இன்ஜினுக்கு நல்லது" என்று 20W-50 ஊற்றுகிறவர்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். அளவும் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கிளட்ச் லீவர் நுனியில் 10–20 மி.மீ. ஃப்ரீ பிளே இல்லாவிட்டால் கிளட்ச் நழுவும், ஓட்டும்போது அது தெரியவும் தெரியாது.

இவ்வளவையும் புதன்கிழமைக்குள் முடியுங்கள். சனி இரவு கழற்றி மாட்டிய வண்டியோடு ஞாயிறு காலை வரிசையில் நிற்காதீர்கள்.

டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் மைலேஜ் ஏறும் என்கிறார்களே? – அம்பத்தூர் வாசகர்

ஏறும். டயர் வளைந்து நிமிரும்போது வீணாகும் சக்தி குறைவதால் வண்டி நன்றாக உருளும். ஆனால் டயர் தரையைத் தொடும் பரப்பும் குறையும். ஈரமான சாலையிலும், மணல் படிந்த கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் முன் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். கையேட்டில் தனியாள், இருவர் என்று இரண்டு அளவு இருக்கும். பின் டயரில் இருவருக்கான அளவை வைத்துக்கொள்ளுங்கள், முன் டயரைக் கையேட்டு அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். எங்கள் யோசனை இவ்வளவுதான். பல போட்டிகளில் காற்றை நடத்துபவர்களே சரிபார்த்துவிடுவார்கள்.

அளப்பது வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது. டயருக்குள் காற்று 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். பங்க்கில் ஒரு மீட்டர் ஒன்று சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாக் குழப்பமும் தீரும்.

எந்த வேகத்தில் போனால் அதிக மைலேஜ்? எல்லோரும் 40 என்கிறார்கள். ஏன் 40? – மடிப்பாக்கம் வாசகர்

காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 40-ல் இருந்து 60-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், காற்றின் தடையோ 2.25 மடங்கு. அதைத் தள்ள இன்ஜின் தர வேண்டிய சக்தி 3.4 மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளோடு ஒரு 100 சி.சி. வண்டி 40-ல் போகும்போதே, டயர் உருளுவதால் வரும் தடையைவிடக் காற்றின் தடை அதிகம்.

அப்படியென்றால் 20-ல் போனால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதற்கே, அதாவது உள் உராய்வுக்கும் ஆயிலைச் சுழற்றுவதற்கும், ஒரு செலவு உண்டு. மெதுவாகப் போனால் அந்தச் செலவு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அதிக நேரம் ஏறும். இந்த இரண்டும் சமனாகும் இடம், டாப் கியரில் இன்ஜின் திணறாமல் இழுக்கும் மிகக் குறைந்த வேகத்துக்குச் சற்று மேலே. நான்கு கியர் 100 சி.சி. வண்டிகளில் அது 35-க்கும் 45-க்கும் நடுவில் வருகிறது. 40 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். டாப் கியரில் 'கட கட' என்று செயின் அடித்தால் வேகம் போதவில்லை, கியரைக் குறையுங்கள்.

போட்டியில் நேரமும் ஒரு விதி. 50 கி.மீ.க்கு 80 நிமிஷம் கொடுத்தால் சராசரி 37.5 கி.மீ. சிக்னலிலும் திருப்பத்திலும் எட்டு நிமிஷம் நின்றுவிட்டால், மீதி 72 நிமிஷத்தில் 50 கி.மீ. ஓட்ட வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 42. முதல் பாதியில் 35-ல் ஊர்ந்துவிட்டுக் கடைசி பத்து கிலோமீட்டரில் 60-க்கு விரட்டுகிறவர்கள் சேர்த்த பெட்ரோலை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி டேங்க் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உடையும் காற்றின் கணக்கில் சேரும். பட்டன் போடாத சட்டை முதுகில் பலூனாக ஊதும். ஜிப்பை மூடி, முழங்கையை உள்ளே அடக்கி, முட்டியை டேங்க்கோடு சேர்த்து உட்காருங்கள். கண்ணாடியையும் சேலை கார்டையும் கழற்றாதீர்கள். இரண்டும் சட்டப்படி இருக்க வேண்டியவை.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டலாமா? இன்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். – தாம்பரம் வாசகர்

கார்புரேட்டர் (இன்ஜின் இழுக்கும் காற்றோடு பெட்ரோல் உறிஞ்சப்படும் பழைய முறை) வண்டிக்கும் எஃப்.ஐ. வண்டிக்கும் பதில் வேறு.

எஃப்.ஐ. வண்டியில் கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) ஓரளவு மேலே இருக்கும் வரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். அந்த நேரத்தில் பெட்ரோல் செலவு பூஜ்யம். ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்) அளவுக்கு ஆர்.பி.எம். இறங்கியதும் மறுபடி திறக்கும். நியூட்ரலிலோ கிளட்ச் பிடித்தோ உருட்டினால் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டே குடிக்கும். ஆனால் கியரில் விட்டால் இன்ஜின் பிரேக் மாதிரி இழுக்கும், நியூட்ரலில் அதிக தூரம் உருளும். ஆகவே முன்னால் சிக்னல் சிவப்பு என்று தெரிந்தால் தூரத்திலேயே கியரில் விட்டு வாருங்கள். நிற்கத்தான் போகிறீர்கள், இலவசமாக வேகம் குறைகிறது. கார்புரேட்டரில் இந்த வசதி கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மூடினாலும் ஐடில் ஜெட் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இன்ஜினை நிறுத்தி உருட்டுவது மூடிய டிராக்கில் நடக்கும் போட்டிகளில் அனுமதிக்கப்பட்ட உத்தி. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டிலோ பெங்களூரு நெடுஞ்சாலையிலோ அதைச் செய்யாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்கு வழிவிட ஒரு விநாடியில் இழுவை தேவைப்படும், அப்போது அது உங்கள் கையில் இருக்காது. சாலையில் நடக்கும் போட்டிகளில் பெரும்பாலும் இதற்குத் தகுதி நீக்கமும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது நிறுத்துவது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யலாம்.

ஒவ்வொரு முறை டேங்க் ஃபுல் பண்ணிப் பார்க்கும்போதும் மைலேஜ் வேறு வேறாக வருகிறது. ஒரு முறை 82, ஒரு முறை 99. வண்டியில் கோளாறா? – கொளத்தூர் வாசகர்

வண்டியில் கோளாறு இல்லை. அளவையில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 90 கொடுக்கும் வண்டி 50 கி.மீ. போக 555 மில்லி குடிக்கும். நிரப்பும்போது 50 மில்லி அதிகமாகப் போனால் கணக்கு 82.6 என்று வரும், 50 மில்லி குறைந்தால் 99. நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் இந்த ஒரு சின்னப் பிழைக்குள் அடங்கிவிடுகின்றன. 50 மில்லி என்பது அரை டம்ளர் காபிகூட இல்லை.

அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க்கின் தோள்பகுதியில் நிற்கும்போது மேற்பரப்பு அகலமானது. ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம் என்று வைத்துக்கொண்டாலே 200 சதுர செ.மீ. அங்கே 5 மி.மீ. ஏற்ற இறக்கம் என்றால் 100 மில்லி. பெட்ரோல் மூடிக்குக் கீழுள்ள கழுத்துக்குள் ஏறிவிட்டால் கதை மாறும். 4 செ.மீ. அகலக் கழுத்தில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 மில்லிதான். ஆகவே கழுத்து வரை நிரப்பினால்தான் அளவு நம்பகமானது. வண்டி டபுள் ஸ்டாண்டில், இரண்டு முறையும் அதே பங்க்கின் அதே இடத்தில் நிற்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்ந்தால் ஒரு பக்கத் தோளில் காற்று சிக்கிக்கொள்ளும். நாஸிலை வேகமாக விட்டால் நுரை எழும்பி 'ஃபுல்' என்று ஏமாற்றும். மெதுவாக விடச் சொல்லுங்கள், நுரை அடங்கக் காத்திருங்கள், வண்டியை இடமும் வலமும் நாலு முறை ஆட்டுங்கள். சிக்கிய காற்று குமிழியிட்டு வெளியேறி மட்டம் கீழே இறங்கும். மறுபடி அதே குறிவரை நிரப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. பி.எஸ்.6 (புதிய புகை மாசு விதி) வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டி உண்டு. கழுத்து வரை நிரப்புவதைப் பழக்கமாக்கினால் அதற்குள் பெட்ரோல் இறங்கி அது கெட்டுப்போகும். அளப்பதற்கு மட்டும் அப்படி நிரப்பி, உடனே ஓட்டிவிடுங்கள். நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தக் கூடாது.

வெயில் இன்னொரு திருடன். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலை ஆறு மணிக்கு 28 டிகிரியில் நிரப்பிய டேங்க், பத்து மணி வெயிலில் 36 டிகிரி ஆகிவிட்டால், உள்ளே இருக்கும் ஒன்பது லிட்டர் 70 மில்லி விரிந்திருக்கும். அந்த 70 மில்லி வண்டி குடிக்காத கணக்கில் சேர்ந்து மைலேஜைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். போட்டி நடத்துபவர்கள் வண்டிகளை நிழலில் நிறுத்தி வரிசைப்படி நிரப்ப வேண்டும். நடத்துகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் நீங்கள் மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கார்புரேட்டர் வண்டியில் இன்னும் துல்லியமாக அளக்கலாம். டேங்க்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் திருகை (காக்) மூடி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் காலியாகி இன்ஜின் நிற்கும் வரை ஓட்டுங்கள். பிறகு அளவு பாட்டிலில் 100 மில்லி இணைத்து மறுபடி நிற்கும் வரை ஓட்டுங்கள். முதலில் கிண்ணத்தைக் காலி செய்யாவிட்டால் உள்ளே கிடந்த பெட்ரோலும் மைலேஜில் சேர்ந்துவிடும். எஃப்.ஐ.யில் பம்ப் டேங்க்குக்குள்ளே அழுத்தத்தோடு வேலை செய்வதால் இந்த முறைக்கு வழியில்லை. பெட்ரோலை பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் தூக்கிக்கொண்டு போவது ஆபத்து.

கிலோமீட்டர் பக்கமும் பிழை உண்டு. டயர் 4 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1.3 சதவீதம் குறையும். ஓடோமீட்டர் அந்த அளவு அதிகமாகக் காட்டும்.

மிக்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவை) குறைத்து வைத்தால் மைலேஜ் கூடுமா? பழைய கார்புரேட்டர் வண்டி. – வியாசர்பாடி வாசகர்

ஓரளவு வரை. ஏர் ஸ்க்ரூவை இன்ஜின் சூடான பிறகு, ஐடிலிங் அதிகபட்சமாகும் இடத்துக்குத் திருப்பி, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் ஒரு திக்கல், பிளக் நுனி வெள்ளை, சைலன்சர் வளைவில் நீலம் என்று வந்தால் மிக்சர் ஒல்லியாகிவிட்டது. திக்கலைச் சமாளிக்க நீங்கள் அறியாமலே அதிகம் முறுக்குவீர்கள், மிச்சம் பிடித்தது போய்விடும். பிஸ்டனும் போகலாம். எஃப்.ஐ.யில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும், கை வைக்க வேண்டாம்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், மைலேஜ் மாத்திரை, 95 ஆக்டேன் பெட்ரோல்? – ராயப்பேட்டை வாசகர்

முதல் இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆக்டேன் என்பது இன்ஜின் தட்டாமல் தாங்கும் திறன், அதில் கூடுதல் சக்தி இல்லை. சாதாரண பெட்ரோலுக்கு வடிவமைத்த 100 சி.சி. இன்ஜினுக்கு அதனால் லாபம் இல்லை. இதோடு சேர்த்து இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பற்றிக் கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். 20 சதவீதம் கலந்தால் சக்தி 6–7 சதவீதம் குறையும். பழைய மைலேஜ் நினைவோடு ஒப்பிட்டு வண்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

போட்டி இருங்காட்டுக்கோட்டையில் என்றால் சனிக்கிழமையே போய்விட வேண்டுமா? மாமல்லபுரம் பக்கம் என்றால்? – திருவான்மியூர் வாசகர்

இரண்டுமே நகரத்திலிருந்து 40–60 கி.மீ. தூரத்துக்குள்தான். ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினால் போதும். சனிக்கிழமையை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகம், அதே காற்றழுத்தம், அதே நிரப்பும் முறை.

காற்றின் திசையைப் பாருங்கள். கோடையில் காலையில் தரைக்காற்று, முற்பகலில் இருந்து கடல்காற்று. 40-ல் போகும் வண்டிக்கு எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால், வண்டி உணர்வது 55. காற்றின் தடை ஏறக்குறைய இருமடங்கு. வெயில் ஏறிய பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்கள் தென்கிழக்குக் காற்றில் இதை நன்றாக அனுபவிப்பார்கள். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று. போகும்போது முதுகில், வரும்போது முகத்தில். புறப்படும் வரிசையைத் தேர்ந்தெடுக்க விட்டால் முதல் ஆளாகக் கிளம்புங்கள்.

போட்டி இடத்துக்கு ஓட்டியே வருவதில் ஒரு லாபம், இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடாகியிருக்கும். குளிர்ந்த இன்ஜின் முதல் சில கிலோமீட்டர் அதிகம் குடிக்கும். வந்ததும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு நிற்காமல், டேங்க் நிரப்புவதற்குச் சற்று முன் இன்னொரு பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

110 சி.சி. ஸ்கூட்டரில் கலந்துகொள்ளலாமா? – அயனாவரம் வாசகி

தாராளமாக, ஸ்கூட்டருக்குத் தனிப் பிரிவு இருந்தால். சின்னச் சக்கரமும் பெல்ட்டும் பைக்கோடு போட்டி போட முடியாது. கிளட்ச் முழுதாகப் பிடிக்காத வேகத்தில், நெரிசலில் ஊர்வது போல், நீண்ட நேரம் போகாதீர்கள். கிளம்பும்போது திடமாக ஒரு முறை முறுக்கி 30-ஐத் தாண்டியதும் மெல்லத் தளர்த்துங்கள், வேரியேட்டர் (கியருக்குப் பதில் பெல்ட்டின் விகிதத்தைத் தானாக மாற்றும் பகுதி) உயர் விகிதத்துக்குப் போய் இன்ஜின் சத்தம் தணியும். அந்தச் சத்தத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டும் ரோலரும் தேய்ந்திருந்தால் அந்தத் தணிவு வரவே வராது.

உலகத்தில் இந்தப் போட்டி எங்கே தொடங்கியது? கல்லூரி புராஜெக்டுக்காகக் கேட்கிறேன். – கிண்டி மாணவி

1939-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஷெல் நிறுவன விஞ்ஞானிகள் தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டு கார் ஓட்டியதிலிருந்து வளர்ந்ததுதான் ஷெல் இகோ-மாரத்தான். 1985-ல் பிரான்ஸில் மாணவர் போட்டியாகப் புதுவடிவம் எடுத்தது. 2018 டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் பந்தய டிராக்கிலேயே நடந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்று பார்த்தால் கிரெய்க் வெட்டர். காற்றுத் தடுப்பு ஃபேரிங் வடிவமைத்துப் பெயர் பெற்ற அமெரிக்கர். 1980 முதல் 1985 வரை மைலேஜ் போட்டிகள் நடத்தி, 2010-ஐ ஒட்டி மீண்டும் தொடங்கினார். அவர் போட்டியில் நெடுஞ்சாலை வேகத்தில் போக வேண்டும், வண்டியில் நான்கு பை மளிகைச் சாமான் ஏற்ற இடம் இருக்க வேண்டும். வண்டி அன்றாடம் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அந்த விதியை உங்கள் புராஜெக்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

போட்டி முடிந்ததும் வண்டியில் ஏதாவது மாற்றி வைக்க வேண்டுமா? – பல்லாவரம் வாசகர்

பின் டயரில் ஏற்றிய காற்றைக் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள், முடிந்தால் அங்கேயே. பிரேக் மிதியைத் தளர்த்தியிருந்தால் திரும்பும் முன் சரிசெய்யுங்கள். ஞாயிறு மதியம் கோவளத்திலிருந்து அக்கரை வரை கூட்டம் நெருக்கும், பிரேக் மீது கால் போய்க்கொண்டே இருக்கும். கழுத்து வரை நிரப்பிய டேங்க் என்றால் நேராக வீடு, வழியில் வெயிலில் நிறுத்தி மோர் குடிப்பதாக இருந்தால் புளியமரத்து நிழலாகப் பாருங்கள்.